பரக்கத் பீவி எழுதிய பயோடேட்டா

பரக்கத் பீவியைக் கல்யாணத் தரகர் என்று சொல்லிவிட்டு யாரும் அவர் எதிரே நிற்க முடியாது. “தரகு மாட்டுக்கு, மனைக்கு. நான் ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு குடுக்குறேன், அவ்ளோதான்” என்பார். அப்படிப் பேச்சு கொடுத்தே பழவேற்காட்டிலிருந்து மண்ணடி, புதுப்பேட்டை, ஆம்பூர் வரைக்கும் எத்தனையோ பெண்களை வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறார். கணவர் இறந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு, எப்போதும் சார்ஜ் குறைவாக இருக்கும் ஒரு செல்போன், ஊரில் யார் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படி வரை போகிற உரிமை. இவ்வளவுதான் அவர் சொத்து.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவர் எழுதும் பயோடேட்டா. எழுதுவது என்றால் கையால் அல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அஸ்லம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பீவி அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அஸ்லம் டைப் அடிப்பார். அதில் பொய் ஒரு வரி இருக்காது. நாள் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை அதில் ‘பொது விஷயங்களில் ஈடுபாடு உள்ளவர்’. எந்த வேலையிலும் நிலைக்காதவர் ‘பல துறைகளில் அனுபவம் பெற்றவர்’. வாயைத் திறந்தால் மூடாத மாமியார் இருக்கும் வீடு ‘கலகலப்பான குடும்பம்’. “இல்லாதத சொல்ல மாட்டேன். இருக்குறத வெளிச்சத்துல வெச்சு காட்டுவேன்” என்பார் பீவி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அவருடைய தொழில், ஷஹானாவின் மகள் ரிஃபா ப்ளஸ் டூ பாஸ் செய்த வருடம் தடம் புரண்டது.

ஷஹானா பீவிக்குப் பக்கத்து வீடு. அவள் கணவர் ஜலாலுதீன் நண்டு வியாபாரி. தோணிரேவிலும் பசியாவரத்திலும் பிடிக்கிற நண்டை வாங்கிக் கட்டி சென்னைக்கு அனுப்புகிறவர். பேச்சு குறைவு. அவர் பேசவேண்டிய பேச்சையும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் அல்லா ரிஃபாவைக் கொடுத்திருக்கிறான் என்று தெருவில் சொல்வார்கள். ரிஃபாவுக்கு விலங்கியல் படிக்க வேண்டும், அதுவும் சென்னையில் ஒரு குறிப்பிட்ட கல்லூரியில்தான் படிக்க வேண்டும். மார்க் இருந்தது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரிதான் வம்பு செய்தது.

‘விரும்புவோர் தங்களது பிற செயல்பாடுகள், ஆர்வங்கள் குறித்த ஒரு பக்கக் குறிப்பையும் இணைக்கலாம்.’

அஸ்லம் கடையில் நான்கு பேரும் அந்த வரியை மாறி மாறிப் படித்தார்கள்.

“வெக்க வேணாம்” என்றாள் ரிஃபா. “நான் இன்னா செஞ்சிருக்கேன், எழுதுறதுக்கு? கபடி டீம்ல சேந்தேன், சண்ட போட்டு வெளிய வந்துட்டேன். பேச்சுப் போட்டில ஜட்ஜுகிட்டயே எதுத்துப் பேசினேன். என்எஸ்எஸ் கேம்ப்புல சாப்பாடு கேவலமா இருக்குதுன்னு சொன்னதுக்கு ஒரு நாள் முன்னாடியே அனுப்பி வுட்டாங்க. இதயா எழுதுவாங்க?”

“மத்த புள்ளைங்க எல்லாம் வெப்பாங்கடி” என்றாள் ஷஹானா. “நாம மட்டும் வெக்காம வுட்டா, இந்தப் பொண்ணு ஊட்ல தூங்கிக்கினு இருந்துச்சு போலன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“அத யாரும் படிக்க மாட்டாங்க, அக்கா” என்றார் அஸ்லம். “மார்க்குதான். மீதி எல்லாம் சுண்டல் மடிக்கத்தான் போவும்.”

முடிவு சொல்வதற்காக எல்லோரும் பீவியைப் பார்த்தார்கள். பீவி அந்த வரியைத் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“இணைக்கலாம்னா போட்டுருக்கு?”

“ஆமா.”

“அப்ப வெச்சே ஆவணும். எங்க தொழில்ல ‘யோசிக்கலாம்’னா வேணாம்னு அர்த்தம். ‘பாக்கலாம்’னா வேற எடம் பாக்குறாங்கன்னு அர்த்தம். ‘செய்யலாம்’னு சொன்னா மட்டும், செய்யலன்னா மூஞ்சத் தூக்குவாங்கன்னு அர்த்தம். சீர்வரிசை உங்க இஷ்டம், செய்யலாம்னுதான் எல்லாரும் சொல்றான். செய்யாம வுட்டுப் பாரேன்.”

ஷஹானாவுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ரிஃபா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று ரிஃபா ஊரில் இல்லை. உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழுக்காக அத்தா ஜலாலுதீனோடு பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் ஷஹானாவும் பீவியும் அஸ்லம் கடைக்குப் போய் வேலையை முடித்தார்கள். அஸ்லம் முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார். பீவியின் எல்லாக் காகிதமும் ஒரே சட்டத்தில்தான் வரும். மேலே பிறை, நான்கு ஓரமும் ரோஜாக்கொடி, வலது மூலையில் படம். அதையே எடுத்து வைத்து, பெயர்களை மட்டும் மாற்றத் தொடங்கினார்.

பீவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

‘பெயர்: ரிஃபா. உயரம்: ஐந்தடி இரண்டங்குலம். நிறம்: கோதுமை. தகப்பனார் சொந்தத் தொழில், கடன் இல்லாதவர். பெண் அடக்கமானவர். அதிர்ந்து பேசாதவர். பெரியவர்களுக்கு மரியாதை. எல்லோரையும் அனுசரித்துப் போவார். விளையாட்டிலும் மேடைப் பேச்சிலும் ஆர்வம் உண்டு. வெளியூரில் முகாமில் தங்கிய அனுபவம் உண்டு. நண்டுக் குழம்பு நன்றாக வைப்பார். மேற்கொண்டு படிக்க விருப்பம். தொடர்புக்கு: பரக்கத் பீவி.’ கீழே செல்போன் எண்.

“பீவிம்மா, காலேஜுக்கு உயரம் எதுக்கு?” என்றார் அஸ்லம்.

“கடைசி பெஞ்சியா, மொத பெஞ்சியான்னு பாக்க மாட்டாங்களா? நீ அடி.”

“அதிர்ந்து பேசாதவர்னு போட்டுருக்கீங்களே? இல்லாதத சொல்ல மாட்டேம்பீங்க.”

“தூங்குறப்ப பேசுதா அது? அடிடா.”

படத்துக்கு ஷஹானா போன பெருநாளன்று பச்சைச் சுடிதாரில் எடுத்ததைக் கொடுத்தாள். பாஸ்போர்ட் போட்டோவில் பெண் சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தாள். காகிதம் விண்ணப்பத்தோடு சேர்ந்து தபாலில் போனது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கும். மத்தியானம் பீவி மடவைக் கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மரியாதையான குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும். காலேஜ் ஆபீஸ் சூப்பிரண்டு நூருல்லா பேசறேன். ரிஃபான்னு ஒரு பொண்ணோட பேப்பர் பார்த்தேன். ரொம்பப் பிடிச்சிருக்கு. வீட்ல காட்டினேன், அவங்களுக்கும் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கலாமா?”

பீவிக்கு ‘காலேஜ்’ என்கிற வார்த்தையும் ‘பிடிச்சிருக்கு’ என்கிற வார்த்தையும் மட்டும்தான் காதில் நின்றன. கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஷஹானா வீட்டுக்கு ஓடினார்.

“வெச்சது நல்லதாப் போச்சு பாத்தியா! காலேஜ்லேந்து ஆள் வந்து பாக்குறாங்களாம்!”

“ஊட்டுக்கா? எந்தக் காலேஜ்ல ஊட்டுக்கு வந்து பாக்குறாங்க?” என்றாள் ரிஃபா.

“நல்ல காலேஜ்ல பாப்பாங்க.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு கல்லூரிக்கு ஏற்ற மாதிரி மாறியது. ரிஃபா ஆறாம் வகுப்பில் வாங்கிய ஓவியப் போட்டிச் சான்றிதழ் முதல் போலியோ முகாமில் தண்ணீர் கொடுத்ததற்கான சான்றிதழ் வரை சுவரில் ஏறியது. அஸ்லம் கடையிலிருந்து ஒரு பூகோள உருண்டை இரவல் வந்து டிவி மேல் உட்கார்ந்தது. ஜலாலுதீனைக் குளிக்க வைத்து, நண்டு வாசனை போக இரண்டு முறை அத்தர் தடவி, கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையோடு ஒரு மூலையில் அமர்த்தினார்கள். “நண்டப் பத்திப் பேசக் கூடாது. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க” என்று ஷஹானா சொல்லி வைத்தாள். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

நூருல்லா மனைவியோடு வந்தார். கையில் ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ.

“பெரிய எடம். வெறுங்கையோட வருவாங்களா?” என்று பீவி ஷஹானாவின் காதில் சொன்னார்.

சமோசாவும் டீயும் வந்தன. நூருல்லா சுவரில் இருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார்.

“பொண்ணுக்கு வேற எங்கயாவது பேசிக்கிட்டு இருக்கீங்களா?” என்றார்.

“ரெண்டு எடத்துல போட்டு வெச்சிருக்கோம்” என்றார் பீவி. “ஆனா பொண்ணுக்கு உங்க எடம்தான் புடிச்சிருக்கு. ராவும் பகலும் அதே பேச்சு.”

நூருல்லாவின் மனைவி முகம் மலர்ந்தார். “எங்கள முன்னப்பின்ன தெரியாமயே இவ்வளவு ஆசையா?”

“உங்க பேரு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?” என்றாள் ஷஹானா.

“மேல படிக்கணும்னு போட்டிருந்தீங்க. தாராளமா படிக்கட்டும். நாங்க தடுக்க மாட்டோம்.”

“ஐயோ, நீங்க எப்படித் தடுப்பீங்க! அதுக்குத்தான உங்ககிட்ட அனுப்புறோம். தங்குறதுக்குதான் யோசனையா கீது.”

“அதுல என்னம்மா யோசனை? எங்க வீட்டு மாடியில தனி ரூம் இருக்கு. ஏசி போட்டிருக்கோம்.”

ஷஹானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் ஹாஸ்டலுக்கு என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். “இந்தக் காலத்துல எந்தக் காலேஜ்ல சார் இப்படிச் செய்யறாங்க!” என்றாள்.

நூருல்லா சற்று விழித்தார். ஆனாலும் புன்னகையை விடவில்லை. மூலையில் இருந்த ஜலாலுதீனைப் பார்த்து, “பாய், நீங்க ஒண்ணும் கேக்கலியே? மனசுல இருக்கிறதக் கேட்டுடுங்க” என்றார்.

ஜலாலுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு தகப்பனாக அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

“மூணு வருஷம் முடிஞ்சதும் பொண்ண ஊட்டுக்கு அனுப்பிடுவீங்க இல்ல?”

நூருல்லாவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. அவர் மனைவி மார்பில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? நல்ல காரியம் பேசற இடத்துல?” என்றார் நூருல்லா.

“மார்க்கு நல்லா வந்தா இன்னும் ரெண்டு வருஷம் வெச்சுக்கங்க” என்று ஜலாலுதீன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

அப்போதுதான் பரக்கத் பீவி முதல் முறையாக அந்த அம்மாளின் கண்களைக் கவனித்தார். கண்கள் சுவர்ச் சான்றிதழ்களுக்குப் போகவே இல்லை. கொல்லைக் கதவு, அடுப்படி மேடை, ஷஹானாவின் காது வளையம், திரைக்குப் பின்னால் தெரிந்த ரிஃபாவின் கால் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எத்தனையோ வீடுகளுக்குப் பீவியே கூட்டிப்போய் உட்கார வைத்த கண்கள் அவை. அந்த அம்மாளின் மடியில் இருந்த மல்லிகைப்பூவைப் பார்த்தார். ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார்.

“அல்லாவே” என்றார் மெதுவாக. “இது பொண்ணு பாக்குறதாச்சே!”

அதே நேரத்தில் அந்த அம்மாள் பூவை எடுத்துக்கொண்டு, “பொண்ணக் கூப்பிடுங்களேன், தலையில வெச்சு விடறேன். குரலே வெளிய வராதுன்னு போட்டிருந்தீங்க. அந்தக் காலத்துப் பொண்ணு மாதிரி” என்றார்.

திரை விலகியது.

“யாருக்குக் குரல் வராது?” என்றாள் ரிஃபா. தெருக்கோடியில் கட்டியிருந்த ஆடு நிமிர்ந்து பார்த்திருக்கும். “யாரு போட்டா அப்படி? எங்க போட்டா?”

நூருல்லா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ரிஃபா அதை அன்றுதான் பார்க்கிறாள். ரோஜாக்கொடியைப் பார்த்தாள், பச்சைச் சுடிதாரைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். ‘கோதுமை நிறம்’ வந்தபோது பல்லைக் கடித்தாள். ‘எல்லோரையும் அனுசரித்துப் போவார்’ வந்தபோது ஜலாலுதீனுக்கே இருமல் வந்துவிட்டது.

“இதுதான் என்னோட ஆக்டிவிட்டியா? நண்டுக் கொழம்பா?”

“நல்லாத்தான வெப்பே?” என்றார் பீவி, குரல் இறங்கி. அவருக்கு உண்மையாகவே வலித்தது. இருபது வருடமாக அவர் எழுதியதை யாரும் இப்படி முகத்துக்கு எதிரே வாசித்துக் காட்டியதில்லை.

யார் யாரை என்னவென்று நினைத்தார்கள் என்பதைப் பிரித்து எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விவரம் புரியப் புரிய நூருல்லாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

“நான் இத காலேஜுக்கு வந்த பேப்பர்னே நினைக்கலம்மா. பிறை போட்டு, பூ போட்டு, உயரம் போட்டு வந்தா வேற என்னன்னு நினைப்பேன்? யாரோ கவர்ல தப்பா வெச்சுட்டாங்கன்னு தனியா எடுத்து வெச்சேன். என் பையனுக்கு மூணு வருஷமா பார்க்கறோம். சரி, தானா வந்திருக்கேன்னு... பிரின்சிபால் காதுக்கு மட்டும் போயிடப் போவுது. ரிட்டயர்மென்ட் நேரம்.”

ரிஃபா கத்துவதை நிறுத்தினாள்.

“தனியா எடுத்து வெச்சீங்களா? அப்ப என் அப்ளிகேஷனோட இது போகலியா?”

“இல்லம்மா. அப்ளிகேஷன் மட்டும்தான் கமிட்டிக்குப் போச்சு. மார்க் ஷீட், சர்டிபிகேட், அவ்வளவுதான்.”

“ஒருத்தரும் படிக்கலியா?”

“நானும் எங்க வீட்லயும்தான்.”

ரிஃபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் யாரும் தொடாமல் ஆறிக் கிடந்த சமோசாவில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து நூருல்லாவும் பயம் தெளிந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஷஹானாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அப்ப இப்பவாவது வேற ஒண்ணு எழுதிக் குடுத்துடலாமா சார்? நல்லதா?”

“வேணாம்மா” என்றார் நூருல்லா. “இத வெச்சு சீட்டு குடுக்கறதும் இல்ல, வெக்கலன்னு சீட்ட மறுக்கறதும் இல்ல. யாராவது பெரிசா எதாவது செஞ்சிருந்தா தெரிஞ்சுக்கலாம்னு ஒரு வரி போட்டது. வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைங்களும் தலைமைப் பண்பு, தலைமைப் பண்புன்னு எழுதி அனுப்பும். உங்க பேப்பர்தான் புதுசா இருந்துச்சு.”

பூவை அந்த அம்மாள் திரும்பக் கொண்டுபோகவில்லை. ஷஹானாவின் தலையில் வைத்துவிட்டார். போகும்போது ஜலாலுதீன் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு கூடை நண்டைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்.

முதல் பட்டியலில் ரிஃபாவின் பெயர் வரவில்லை. இரண்டாம் பட்டியலில் வந்தது, விலங்கியலிலேயே. ஊரில் அந்தக் காகிதத்தால்தான் சீட்டு கிடைத்தது என்று பாதிப் பேர் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பீவி பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவருக்கு வேறு கவலை. தன் எதிரிலேயே ஒரு பெண் பார்க்கும் வைபவம் சமோசா வரைக்கும் நடந்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு மாதம் எந்த வீட்டு அடுப்படிக்கும் போகவில்லை. “கண்ணு போயிடுச்சு ஷஹானா, தொழில வுட்டுட வேண்டியதுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து, அஸ்லம் கடைக்குப் போனார். அஸ்லமுக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை இருந்தாள்.

“நூருல்லா பாய் பையன் எப்படி இருப்பான்னு கேட்டியா?” என்றார்.

“நான் ஏன் கேக்கணும்?”

“நான் கேட்டுட்டேன். பாங்க்ல வேல. கம்ப்யூட்டரத் தெற.”

அந்த முறை பயோடேட்டாவை அஸ்லமே எழுதுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். தங்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அடித்துவிட்டார். பீவி அதில் முக்கால்வாசியை வெட்டச் சொன்னார். பெயர், படிப்பு, வீட்டு முகவரி. “போதும். மீதிய வந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்” என்றார். ஏன் இப்படி மாறிவிட்டார் என்று அஸ்லம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இடம் அமைந்தது. அஸ்லம் தங்கைக்கும் நூருல்லா பையனுக்கும் கல்யாணம் தை மாதத்தில் பழவேற்காட்டிலேயே நடந்தது. நூருல்லா கல்லூரி ஆட்களை வேன் வைத்து அழைத்து வந்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏரியைப் பார்க்க ஆசை. தண்ணீர் வற்றுகிற நேரம், வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. தசரதன் என்கிறவருடைய படகில் பத்துப் பன்னிரண்டு பேர் பட்டும் சரிகையுமாக ஏறினார்கள். பீவி தன் பருத்த உடம்போடு நடுப்பலகையில் இடம் பிடித்தார். முகத்துவாரத்துப் பக்கம் திரும்பும்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. படகு ஒரு முனகலோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. ஆழம் முழங்கால்.

“ஆம்பளைங்க எறங்கித் தள்ளணும்” என்றார் தசரதன்.

நூருல்லா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மாப்பிள்ளை இறங்கினார். ஒரு பேராசிரியர், கையில் செருப்போடு இறங்கினார். ரிஃபா யாரும் கேட்காமலே குதித்து, காலடியில் என்னென்ன புழு இருக்கிறது என்று பேராசிரியரிடம் உரக்க விளக்க ஆரம்பித்தாள். தள்ளினார்கள். படகு அசையவில்லை.

தசரதன் பணிவாகச் சொன்னார். “பீவிம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் எறங்கினா...”

“நான் எறங்குனா ஏரில தண்ணி ஏறிடும்பா. ஊருக்குள்ள வந்துடும். நீ தள்ளு.”

மாப்பிள்ளைக்கு வந்த சிரிப்பில் கால் வழுக்கி இடுப்பு வரை நனைந்தார். நூருல்லாவின் ஒரு ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது. எல்லோரும் சேர்ந்து இன்னொரு தடவை முட்டித் தள்ள, படகு மெல்ல நகர்ந்தது. பீவி நடுப்பலகையில் இருந்து அசையாமல், “அப்படித்தான், அப்படித்தான்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே கரை வந்து சேர்ந்தார்.